வீட்டில் வளரும் பாம்பையும் ஆமையையும் பள்ளிக்கூடத்தில் காட்டுவது எப்படி: எல்லையோர ஊர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எட்டு வருஷத்துக்கு முன்னால், நான் போன மூன்றாவது பள்ளிக்கூட நிகழ்ச்சி முடிந்து பத்து நாள் கழித்து அந்தப் பள்ளி ஆசிரியை ஒருவர் போன் செய்தார். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வாய்க்கால் ஓரம் கிடந்த தண்ணீர்ப் பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கியிருக்கிறான், அது கையில் நன்றாகக் கடித்து ரத்தம் வழிந்திருக்கிறது. "பாம்பு அண்ணன் தூக்குன மாதிரிதான் தூக்குனேன்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னானாம். தண்ணீர்ப் பாம்புக்கு விஷம் இல்லை, பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதே வரப்பில் கண்ணாடி விரியனும் படுத்துக் கிடக்கும் என்பது எனக்குத் தெரியும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பேசியது எதுவும் அவன் மனதில் நிற்கவில்லை, என் கை செய்தது மட்டும் நின்றிருக்கிறது.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். கேரளம், ஆனால் வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ்தான். வடக்கே வேலந்தாவளம் தாண்டினால் கோவை, தெற்கே மீனாட்சிபுரம் தாண்டினால் பொள்ளாச்சி. இரண்டு மாநிலப் பள்ளிக்கூடங்களுக்கும் போகிறேன். கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்தப் போன் அழைப்புக்குப் பிறகு ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டது. வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய வழிகாட்டிகள் நிறையக் கிடைக்கின்றன, நல்லவைதான், ஆனால் அவர்களுடைய குழந்தைகள் நிகழ்ச்சி முடிந்து தென்னந்தோப்புக்குள் நடந்து வீட்டுக்குப் போவதில்லை. நம் குழந்தைகள் போகிறார்கள். அதனால் நம் நிகழ்ச்சி முதலில் இருந்தே வேறு மாதிரி இருக்க வேண்டும்.

எதைக் காட்டலாம், எதைத் தொடவே கூடாது

நம் நாட்டுப் பாம்பு, உடும்பு, ஆமை எதையும் வீட்டில் வைத்திருக்கவும் கூடாது, மேடையில் காட்டவும் கூடாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2022-இல் திருத்தி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய அட்டவணைகளும் இருக்கின்றன. உடும்பும் நம் மலைப்பாம்பும் முதல் அட்டவணையில் வருகின்றன. அதற்கான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு சிறை, 7 ஆண்டு வரை போகலாம், அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். "தோட்டத்துல கிடைச்சதுங்க, காட்டிட்டு விட்டுடறேன்" என்பதெல்லாம் செல்லாது. நட்சத்திர ஆமையை ராசி என்று சொல்லி ரகசியமாக விற்கிறார்கள், அதன் பக்கமே போகாதீர்கள். மண்ணுளிப் பாம்பை லட்சக்கணக்கில் விலை பேசுகிறவர்கள் எல்லையின் இரண்டு பக்கமும் உண்டு, அதுவும் அப்படித்தான். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. காட்டிலிருந்து பிடித்த பாம்பு மனிதக் கூட்டத்துக்கு நடுவில் படும் வேதனையை ஒரு தடவை கிட்டத்தில் பார்த்தவர்கள் இரண்டாவது தடவை அதைச் செய்ய மாட்டார்கள்.

மிச்சம் இருப்பது முறையாக வாங்கி வளர்க்கும் வெளிநாட்டு இனங்கள். என்னிடம் மூன்று.

முதலாவது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தான். பந்து மாதிரி சுருண்டுகொள்ளும் என்பதால் வந்த ஆங்கிலப் பெயர், ஆனால் 'பால்' என்று சொன்னதும் நம் ஊரில் எல்லாருக்கும் குடிக்கிற பால்தான் நினைவுக்கு வருகிறது, பாம்பு பால் குடிக்காது என்று சொல்ல வந்த இடத்தில் இந்தப் பெயரே குறுக்கே நிற்கிறது. நான் பந்துப் பாம்பு என்றே சொல்கிறேன். இரண்டாவது அமெரிக்காவின் கார்ன் ஸ்னேக். மூன்றாவது சிவப்புக் காது ஆமை. மீன் கடைகளில் பத்து ரூபாய் நாணயம் அளவில் விற்கிறார்களே, அதேதான், இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கிறது. ஒருவர் குளத்தில் விடப் போன நேரத்தில் வாங்கி வந்தேன். அந்த ஆமைதான் மூன்றிலும் அதிகம் கற்றுக்கொடுக்கிறது என்பேன், அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

இகுவானா என்ற பெரிய பல்லி வேண்டாம் என்பது என் கருத்து. நகம் கீறும், பயந்தால் வாலை வீசி அடிக்கும், கூட்டத்தில் அது நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை. வைத்திருப்பவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் காட்டுங்கள். எந்த இனமாக இருந்தாலும், உங்களிடம் வந்து ஒரு வருஷமாவது ஆகாமல், உங்கள் கையில் பத்து நிமிஷம் அமைதியாக இருக்கப் பழகாமல் வெளியே கொண்டுபோகாதீர்கள்.

காகிதங்கள்

பால் பைத்தான், இகுவானா போன்றவை, காட்டுயிர்களை நாடுகளுக்கிடையே விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளவை, இப்போது நம் சட்டத்தின் நான்காம் அட்டவணையிலும் வருகின்றன. இவற்றை வளர்ப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், அதற்கான விதிகள் 2024-இல் வந்தன. பதிவுச் சான்றின் நகலும் வாங்கிய ரசீதின் நகலும் பாம்பு எங்கே போகிறதோ அங்கே போக வேண்டும். நான் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டியின் மூடியிலேயே ஒட்டியிருக்கிறேன். செக்போஸ்டில் நிறுத்தினால் பெட்டியைத் திறக்கும் முன் அந்த உறையைக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது அனுமதி. சட்டத்தில் 'உயிரியல் பூங்கா' என்ற சொல்லுக்கான விளக்கத்தில் ஓரிடத்தில் நிலையாக இருப்பதும் வரும், நடமாடுவதும் வரும். அதனால் "நம்முடையது சின்ன நிகழ்ச்சிதானே" என்று நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்னால், எந்த இனம், எத்தனை, எந்தப் பள்ளி, எவ்வளவு நேரம் என்று எழுதி, அந்த ஊர் எந்த வனச்சரகத்தில் வருகிறதோ அந்த ரேஞ்ச் ஆபீசில் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பொள்ளாச்சிப் பக்கம் என்றால் தமிழ்நாடு வனத்துறை, பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் என்றால் கேரள வனத்துறை, ஒன்றில் வாங்கியது மற்றொன்றில் செல்லும் என்று நினைக்காதீர்கள். டிக்கெட் போட்டு விலங்கைக் காட்டினால் 1960-ஆம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி தனிப் பதிவு வேண்டும். நான் டிக்கெட் வைக்கிற இடத்துக்குப் போவதே இல்லை. பெட்ரோல் செலவு கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், அவ்வளவுதான்.

பெற்றோர் சம்மதக் கடிதத்தைப் பள்ளிக்கூடமே வாங்கட்டும், ஆனால் அதில் என்ன எழுத வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள். என்னென்ன விலங்கு வருகிறது, தொடுவது கட்டாயம் இல்லை, ஆஸ்துமாவோ நோய் எதிர்ப்புக் குறைவோ இருந்தால் முன்கூட்டியே சொல்லவும், இந்த மூன்றும் போதும்.

நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம்

சாப்பிட்ட பாம்பைக் கையில் எடுத்தால் கக்கிவிடும். பொதுவாக 48 மணி நேரம் விடச் சொல்வார்கள், நான் ஐந்து நாள் விடுகிறேன், ஏனென்றால் கை மட்டும் இல்லை, வண்டிக் குலுக்கலும் சேர்கிறது. கண் பால் படிந்த மாதிரி நீலமாக மங்கினால் சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். அப்போது அதற்குக் கண் சரியாகத் தெரியாது, சிடுசிடுப்பாக இருக்கும். அந்த வாரம் அது வராது, மேடை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. தலைமை ஆசிரியருக்கு முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவேன்: "சார், பாம்பு வராமலும் போகலாம், அப்போ படங்களும் சட்டையும் மட்டும் கொண்டு வருவேன், அது உங்களுக்குச் சரியா?" இதற்குச் சரி என்று சொல்லாத பள்ளிக்கு நான் போனதில்லை. மனுஷர்களுக்குக் கொடுத்த வாக்குக்காக உடம்பு முடியாத பாம்பைத் தூக்கிக்கொண்டு போகும் நிலைமை வரவே கூடாது.

இடத்தை முன்னாலேயே போய்ப் பாருங்கள். எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய், மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரை போட்ட பள்ளி அரங்கத்துக்குள் மத்தியானம் இரண்டு மணிக்கு மனுஷனே நிற்க முடியாது. பாம்புக்கும் ஆமைக்கும் உடம்பு சூட்டைத் தானே சரிசெய்துகொள்ள வழியில்லை, வெயில் அடித்தால் நிழலுக்கு நகர்வதுதான் அவற்றுக்குத் தெரிந்த ஒரே வழி, பெட்டிக்குள் அடைத்தால் அதுவும் போய்விட்டது. அதனால் காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்துப் பதினொன்றுக்குள் முடிக்கிறேன், பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரைக்கும் உயிருள்ள எதையும் கொண்டுபோவதில்லை. ஆடி மாதத்துக் காற்றும் தொந்தரவுதான், கணவாய்க் காற்று ஜன்னலைப் படார் படார் என்று அடிக்கும், பேனரைக் கிழித்துத் தூக்கும், ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டால் அன்றைக்கு வெளியே விடாது.

பார்க்கப் போகும்போது மூன்று விஷயம் முக்கியம். சோப்பும் ஓடும் தண்ணீரும் உள்ள குழாய் எத்தனை அடியில் இருக்கிறது. பின்பக்கம் தனியாக ஒரு கதவு இருக்கிறதா. ஸ்பீக்கர் பெட்டி எங்கே. பாம்புக்கு வெளிக்காது கிடையாது, ஆனால் தரையின் அதிர்வை உடம்பு முழுவதும் உணரும், காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளும் அதற்கு எட்டும். ஒரு நிகழ்ச்சியில் என் மேஜைக்குக் கீழேயே ஸ்பீக்கரை வைத்துவிட்டார்கள், இறைவணக்கப் பாட்டு போட்ட அந்த நாலு நிமிஷமும் கார்ன் ஸ்னேக் பெட்டியின் மூலையில் முட்டி முட்டி மூக்கைத் தேய்த்துக்கொண்டது. இப்போது மேஜைக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அரங்கத்தின் நீளம் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குகிறேன்.

கொண்டுபோவது

பாம்புக்கு: பழைய பருத்தித் தலையணை உறை, தையலை வெளிப்பக்கம் திருப்பியது, இல்லாவிட்டால் உள்ளே நூலில் செதில் சிக்கும். வாயை முறுக்கி முடிச்சுப் போட்டு, காற்றுத் துளை உள்ள, பூட்டுப் போடக்கூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். ஒரு பெட்டிக்கு ஒரு பாம்பு. ஆமைக்கு: தண்ணீர் ஊற்றாதீர்கள், குலுக்கலில் தடுமாறும். ஈரத்துண்டு விரித்த பெட்டி போதும், ஒன்றிரண்டு மணி நேரம் நன்றாகவே தாங்கும்.

பெட்டி வண்டியின் டிக்கியில் போகக் கூடாது, பின் சீட்டில் பெல்ட் போட்டு வர வேண்டும். உள்ளே ஒரு சின்ன வெப்பமானி. 25 முதல் 29 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி, 32-ஐத் தொட்டால் வண்டியை நிழலில் நிறுத்தி ஏசியைக் கூட்டுங்கள். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே வைக்கலாம், உள்ளே வைக்கக் கூடாது. டீ குடிக்க ஐந்து நிமிஷம்தானே என்று வெயிலில் பூட்டிய காரில் விட்டுப் போகாதீர்கள். மூடிய காருக்குள் அந்த ஐந்து நிமிஷத்தில் சூடு ஏறும் வேகம் பயங்கரமானது. நான் தனியாகப் போவதில்லை, அதற்கு இது ஒரு காரணம், இன்னொரு காரணம் மேடையில் வருகிறது.

உட்காரவைப்பது

ஒரு தடவைக்கு நாற்பது பேர், அதற்கு மேல் வேண்டாம். முந்நூறு பேரை வெயிலில் நிறுத்தி மைக்கில் பேசச் சொல்வார்கள், அன்போடு மறுத்துவிடுங்கள். தரையில் பிறை வடிவத்தில் உட்காரவைத்து, மேஜையிலிருந்து ஆறேழு அடி தள்ளி ஒரு கயிறோ சாக்பீஸ் கோடோ போடுங்கள். பயப்படும் பிள்ளைகள் கதவுப் பக்கம் உட்காரட்டும், கேட்காமலேயே எழுந்து போகலாம் என்று சொல்லுங்கள். பயந்த பிள்ளையைப் பிடித்து இழுத்து வந்து "தொட்டுப் பாரு, ஒண்ணும் பண்ணாது" என்று தைரியம் வரவைக்கப் பார்க்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், எண்ணம் நல்லதுதான், ஆனால் அந்தப் பயம் அப்படிப் போவதில்லை, இறுகிப்போகும். நானே குறுக்கே போய்த் தடுத்திருக்கிறேன். சில வருஷம் கழித்து அதே பிள்ளை தானாக முன்வரிசைக்கு வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் விலங்கைப் பார்க்கிறார், இன்னொருவர் கூட்டத்தைப் பார்க்கிறார். என் தங்கை மகள் என்னோடு வருகிறாள், அவள் பாம்பைப் பார்ப்பதே இல்லை, பிள்ளைகளின் கையையும் முகத்தையும்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். "மாமா, போதும்" என்று அவள் சொன்னால் பேச்சு எந்த இடத்தில் இருந்தாலும் பாம்பு உள்ளே போய்விடும்.

பேச்சு: பாம்பு கடைசியில்தான்

நான் மாற்றியதிலேயே பெரிய மாற்றம் இது. முன்னெல்லாம் பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே உள்ளே வருவேன். கைதட்டல் வரும். அதற்குப் பிறகு சொல்வது எதுவும் யார் காதிலும் விழாது. இப்போது முதல் இருபது நிமிஷம் நம் ஊர்ப் பாம்புகள், படத்தில் மட்டும்.

எல்லையில் பெயரே பெரிய சிக்கல். நாம் கண்ணாடி விரியன் என்பதை மலையாளத்தில் அணலி என்பார்கள். கட்டுவிரியன் அங்கே வெள்ளிக்கெட்டன், சில இடத்தில் சங்குவரையன். நல்ல பாம்பு மூர்க்கன். சுருட்டை விரியன் சுருட்டமண்டலி. சாரை சேர ஆகிறது, தண்ணீர்ப் பாம்பு நீர்க்கோலி, கொம்பேறி மூக்கன் வில்லூன்னி. ஒரே வகுப்பில் இரண்டு மொழிப் பிள்ளைகளும் இருப்பார்கள், ஒரே வீட்டில் பாட்டி ஒரு பெயரும் மருமகள் ஒரு பெயரும் சொல்வார்கள். நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு படத்துக்கும் கீழே இரண்டு பெயரையும் எழுதி, சத்தமாகச் சொல்லவைக்கிறேன். ஒருவர் கடிபட்டு வந்து "அணலி" என்று சொன்னால் பொள்ளாச்சி ஆஸ்பத்திரி வாசலில் அது யாருக்கும் புரியாமல் போகக் கூடாது.

இந்த நான்கின் விஷத்தையும் வைத்துத்தான் நம் நாட்டு விஷமுறிவு மருந்து தயாராகிறது. அந்த விஷத்தைச் சேகரிப்பதில் பெரிய பங்கு சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உண்டு. விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து மருந்து வருகிறது. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் பெருகிப்போன மலைப்பாம்புகளைப் பிடிக்க அங்கிருந்து அழைப்பு வந்து போனவர்கள் அவர்கள். இதைச் சொன்னதும் பின்வரிசையும் நிமிர்ந்து உட்காரும், நான் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன்.

அப்புறம் அந்த எண். 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமத்தில், வயல் வேலையில் இருப்பவர்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. அதே மூச்சில், இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதே, தேங்காய் மட்டைக் குவியலுக்குள் கையை விடாதே, தோப்பிலும் களத்திலும் தரையில் படுக்கிறவர்கள் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளட்டும் என்று சொல்வேன். கட்டுவிரியன் ராத்திரியில்தான் வரும், தூங்குகிறவரைக் கடித்தால் பல பேருக்கு வலிகூடத் தெரியாது, கொசுவலை கொசுவுக்கு மட்டும் இல்லை.

கடிபட்டால் என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளை நடித்துக் காட்டச் சொல்கிறேன். கயிறு கட்டாதே, கீறாதே, வாய் வைத்து உறிஞ்சாதே. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்று. கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போ. 108. இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். பாம்பைத் தேடிக்கொண்டு நேரத்தை வீணாக்காதே. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் ஆட்டாமல் வைத்துப் பார்ப்பார்கள், உறைகிறதா இல்லையா என்பதுதான் சோதனை. "சும்மா உக்கார வெச்சிருக்காங்க" என்று சண்டை போட்டு நோயாளியை வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு, அதனால் அந்த 20 நிமிஷத்தைப் பற்றிப் பெரியவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்.

வீட்டுக்குள் பாம்பு வந்தால் கேரளப் பக்கம் வனத்துறையின் சர்ப்பா செயலி இருக்கிறது, பயிற்சி பெற்றவர்கள் வருவார்கள். தமிழ்நாட்டில் தீயணைப்பு நிலையத்தையோ வனத்துறையையோ கூப்பிடலாம்.

நம்பிக்கைகளில் கவனமாக இருங்கள். எங்கள் பக்கம் வீட்டு மூலையில் சர்ப்பக் காவு, அதாவது நாகத்துக்கென்று வெட்டாமல் விட்ட சின்னத் தோப்பு, இருக்கும், அந்தப் பக்கம் புற்றுக்குப் பால் ஊற்றுவார்கள். பாம்பு பால் குடிக்கும் உடம்பு இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் அந்தப் பாட்டியின் பக்தியைக் கிண்டல் செய்து சொல்லக் கூடாது. காவு இருந்த இடத்தில்தான் மரமும் தவளையும் பாம்பும் தப்பிப் பிழைத்தன என்பதும் உண்மை. ஒரு ஊரில் என் பந்துப் பாம்புக்குக் கற்பூரம் காட்ட வந்தார்கள், "அம்மா, நெருப்பும் புகையும் அதுக்கு ஆகாது, தள்ளி நின்னு கும்பிட்டாப் போதும்" என்றேன், அப்படியே செய்தார்கள்.

பாம்பை வெளியே எடுப்பது

ஒரு நேரத்தில் ஒரு விலங்கு. எடுக்கும் முன் மூன்று வாக்கியம் சொல்கிறேன், பிள்ளைகள் திருப்பிச் சொல்ல வேண்டும்: இது நம் ஊர்ப் பாம்பு இல்லை. இது பெட்டியில் பிறந்து பெட்டியில் வளர்ந்தது. நம் ஊர்ப் பாம்பை நான்கூடத் தொட மாட்டேன்.

பந்துப் பாம்பு வைத்திருக்கும் எல்லாருக்கும் ஒரு எச்சரிக்கை. அதன் உடம்பில் பழுப்பில் கருப்புத் திட்டுகள். கண்ணாடி விரியனைக் குட்டி மலைப்பாம்பு என்று நினைத்துக் கையில் எடுத்துக் கடிபட்டவர்கள் நிறையப் பேர். நாம் ஒரு திட்டுத் திட்டான பாம்பை மடியில் வைத்துக் கொஞ்சிக் காட்டினால் அந்தக் குழப்பத்தை இன்னும் வளர்த்துவிடுகிறோம். அதனால் பந்துப் பாம்பு என் நிகழ்ச்சிகளில் இப்போது கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை, பக்கத்தில் கண்ணாடி விரியனின் பெரிய படம் நிற்கும், "பாருங்க, எவ்வளவு குழம்பும், அதனாலதான் எதையுமே தொடக் கூடாது" என்பதைச் சொல்லத்தான் அது வருகிறது. எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது என்று கேட்பார்கள், செதில் கணக்கெல்லாம் நான் சொல்லித் தருவதில்லை. அரைகுறையாகத் தெரிந்துகொண்டவன்தான் கையை நீட்டுவான். வெளியே எடுப்பது கார்ன் ஸ்னேக் மட்டும். அது மாதிரி ஆரஞ்சு நிறத்தை எங்கள் ஊர்ப் பாம்பு எதிலும் நான் பார்த்ததில்லை.

இரண்டு கையாலும் உடம்பைத் தாங்கிப் பிடியுங்கள், தலையை இறுக்காதீர்கள், தலை உங்கள் பக்கம் இருக்கட்டும். கழுத்தில் போடாதீர்கள், முத்தம் கொடுக்காதீர்கள், வாலைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். செல்பி கிடையாது. சிறப்பு விருந்தினர் பாம்போடு போட்டோ கேட்பார், அந்தப் படம்தான் அடுத்த நாள் எல்லார் போனிலும் சுற்றும், அதைப் பார்க்கும் பையனுக்கு நம் பேச்சு கேட்காது, போட்டோ மட்டும் தெரியும். ஆமையோடு நிற்கச் சொல்லுங்கள்.

வெளியே இருப்பது பத்து நிமிஷம், அதிகம் போனால் பதினைந்து. அதற்கு முன்பே நிறுத்த வேண்டிய அடையாளங்கள்: மூச்சு வேகமாவது, கழுத்து எஸ் மாதிரி மடங்குவது, வாலைப் படபடவென்று ஆட்டுவது, கையை விட்டு ஒரே திசையில் விடாமல் ஓடப் பார்ப்பது. ஆமை தலையை இழுத்துக்கொண்டு மூக்கில் நுரை விட்டால் அதுவும் அப்படித்தான்.

தொடுவதைப் பற்றி. நான் இப்போது உயிருள்ள பாம்பைத் தொட விடுவதில்லை. உரித்த சட்டையைக் கையில் கொடுக்கிறேன், என் பாம்புகள் உரித்தது மட்டும். ஈரமா, வழவழப்பா என்று கேட்டு, காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி இருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கும்போது வரும் ஆச்சரியம் போதுமானது. நீங்கள் தொட விடுவதாக இருந்தால் ஒவ்வொருவராக, இரண்டு விரலால், முதுகின் பின்பாதியில், தலையிலிருந்து வால் பக்கமாக. தொடும் முன்னும் கை கழுவ வேண்டும், கோழி, முட்டை வாசனை உள்ள கை பாம்புக்குச் சாப்பாடுதான். பின்னால் சோப்புப் போட்டுக் கழுவியே ஆக வேண்டும், சானிடைசர் அதற்கு ஈடாகாது. ஊர்வன, வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும், பார்த்தால் ஆரோக்கியமாகத்தான் இருக்கும். 5 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் தொட வேண்டாம். அமெரிக்காவில் குட்டி ஆமைகளால் குழந்தைகளுக்கு இந்த நோய் வந்ததால்தான் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்க 1975-இல் தடை போட்டார்கள்.

கடித்துவிட்டால்? விஷமில்லாத பாம்புதான், ஆனாலும் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், பல் சதையைக் கிழிக்கும். விடும் வரை அசையாமல் நின்று, சோப்புத் தண்ணீரில் கழுவி, பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: "அதுக்குப் பயம் வந்துடுச்சு, தப்பு என் பேர்ல." எனக்கு ஒரு தடவை நடந்தது. அன்றைக்கு அந்த வகுப்பு கேட்ட கேள்விகள் மாதிரி வேறு எங்கும் கேட்டதில்லை.

ஆமையின் முறை

கடைசியில் ஆமை வரும். மீன் தொட்டி ஆமை வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள் என்றால் ஐந்தாறு கை எழும். அந்தச் சின்ன ஆமை இவ்வளவு பெரிதாகும், 20, 30 வருஷம் வாழும், சலித்துப்போய்க் குளத்தில் விட்டால் நம் ஊர் ஆமைகளின் சாப்பாட்டையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும் என்று சொல்கிறேன். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. கேரளத்தில் பீச்சியில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் இதன் பரவலைப் பற்றி வேலை செய்து வருகிறது. விட வேண்டாம், என்னிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள் என்பேன். நாலு ஆமைகள் இப்படி வந்து சேர்ந்தன, எல்லாவற்றுக்கும் வேறு வளர்ப்பு வீடு தேடிக் கொடுத்தோம்.

வீடு திரும்பிய பின்

பெட்டியைக் கழுவிக் கிருமிநாசினி போட்டு வெயிலில் காயவையுங்கள், துணிகளைத் தனியாக வெந்நீரில் துவையுங்கள், சமையலறைத் தொட்டியில் எதையும் கழுவாதீர்கள். பாம்புக்கு இரண்டு நாள் யாரும் தொடாத நிம்மதி, அதற்குப் பிறகுதான் சாப்பாடு. மறுத்தால் வற்புறுத்தாமல் ஒரு வாரம் பாருங்கள். சமையல் தராசில் மாதம் ஒரு தடவை எடை போட்டு எழுதிவையுங்கள், நிகழ்ச்சி நடந்த தேதியையும் அதற்குப் பக்கத்திலேயே எழுதினால் வெளியே போவது அதற்கு ஒத்துவருகிறதா என்று நாலைந்து மாதத்தில் தெரிந்துவிடும். ஒரு விலங்கு மாதத்துக்கு இரண்டு நிகழ்ச்சிக்கு மேல் போவதில்லை.

பத்தாவது நாள் அந்தப் பள்ளிக்கு நானே போன் செய்கிறேன். நிகழ்ச்சி எப்படி இருந்தது என்று கேட்பதில்லை. பிள்ளைகள் யாராவது பாம்பைப் பிடிக்கப் போனார்களா, அடிக்கப் போனார்களா, இந்த இரண்டு கேள்விதான். ஆமாம் என்று பதில் வந்தால் அந்த வாரமே மறுபடி போகிறேன், பாம்பு இல்லாமல், நான்கு படமும் ஒரு டார்ச்சும் கொசுவலையும் எடுத்துக்கொண்டு.